கயிறு கட்டின டிக்கி

கனடாவுக்கு அகதியாக வந்த எங்கட ஆக்களிடம் இங்கே வாங்கின முதல் சொத்து எது என்று கேட்டுப் பாருங்கோ. அநேகமானோர் ஒரு பழைய காரைத்தான் சொல்லுவினம். வீடு, நகை, கடை எல்லாம் பிறகு வந்தவை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஸ்காபரோவில் வந்து இறங்கினவர்கள் விடியப்புறம் பேப்பர் போடப் போனாலும், பீற்சா கொண்டுபோய்க் கொடுத்தாலும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தாலும் கார் இல்லாமல் சரிவராது. அந்தக் காரின் டிக்கிக்குள்ளேதான் பாதி வீடு இருக்கும். நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை, பேப்பர்க் கட்டு, பனி வழிக்கிற சவள், கோயிலுக்குக் கொண்டுபோகிற பழப்பெட்டி, சாமத்திய வீட்டுக்கு இரவல் வாங்கின குத்துவிளக்கு என்று அதற்குள் போகாத சாமான் இல்லை. எங்களுக்கு அது டிக்கி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ட்ரங்க்.

அந்த டிக்கி மூடுப்படாமல் விட்டால் என்ன நடக்கும், அதை வீட்டிலேயே எப்படிச் சரிக்கட்டலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். இது ஒரு சின்ன விஷயம்தானே என்று தாண்டிப் போகாதேங்கோ. உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம் ஒன்று இதற்குள் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். முல்லைத்தீவுப் பக்கம். வந்து ஒன்றரை வருடம். அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறார். வேலை செய்யும் அனுமதி கிடைத்த கையோடு கடன்பட்டு ஒரு பழைய கொரோலா வாங்கி, பின்னேரம் தொடங்கிச் சாமம் வரை கடைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். போன மாசி மாதம் ஒரு நாள் பார்த்தால், அவருடைய டிக்கி மூடி நீல நைலோன் கயிற்றால் பம்பருக்குக் கீழே இருக்கிற கொழுக்கியோடு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியும் இரண்டு விரல் இடைவெளி.

"என்ன தம்பி இது கயிறு?"

"லொக் பிடிக்குதில்லை அங்கிள். மூட மூட எழும்புது. கராஜிலை கேட்டனான். முழு லொக்கும் மாத்தவேணும், முந்நூற்றெண்பது டொலர் எண்டாங்கள். அடுத்த மாதம் பாப்பம் எண்டு விட்டிட்டன்."

"எவ்வளவு நாளா இப்பிடி ஓடுறீர்?"

"மூண்டு கிழமை வரும். பொலிஸ் மறிச்சா என்ன செய்யிறது எண்டுதான் பயம். கேஸ் நடக்கிற நேரம்." பிறகு கதையோடு கதையாகச் சொன்னார். "இப்ப கொஞ்ச நாளா சாமத்திலை வீட்டை வரேக்கை ஒரே தலையிடி அங்கிள். நித்திரை காணாது போலை."

தலையிடி என்றதும் எனக்குப் பொலிஸ் பயம் மறந்துபோனது. கார் முன்னுக்குப் போகும்போது அதன் பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்த ஒரு இடம் உண்டாகும். புகைக்குழாயால் வருகிற புகை உடனே விலகிப் போகாமல் அந்த இடத்தில் சுழலும். டிக்கி நீக்கலாக இருந்தால் அதற்குள்ளே இழுபடும். டிக்கிக்கும் பின் சீற்றுக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் மட்டையும் பஞ்சும் சில ஓட்டைகளும்தான். பனிக்காலத்தில் யன்னல் எல்லாம் பூட்டி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, கடை வாசலில் சாப்பாட்டுக்காக எஞ்சினை நிற்பாட்டாமல் காத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் புகை மெல்ல மெல்ல உள்ளே சேரும்.

அந்தப் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, ஓங்காளம், குழப்பம், கடைசியில் மயக்கம். ஓடுகிறவருக்கு நித்திரை வருவதுபோலத்தான் இருக்கும். பழைய காரில் புகைக்குழாய் எங்கேயாவது கறள் பிடித்து ஓட்டையாகியிருந்தால் இன்னும் மோசம். கார்களோடு வருகிற கைநூல்களைப் புரட்டிப் பாருங்கோ, டிக்கியைத் திறந்தபடி ஓடவேண்டாம் என்று அநேகமாக எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். தவிர்க்க முடியாமல் ஓட நேர்ந்தால், வெளிக்காற்றை உள்ளே எடுக்கிற மாதிரி வைத்துக் காற்றாடியை முழுவேகத்தில் போட்டு, எல்லா யன்னலையும் திறந்துகொண்டு ஓடவேண்டும்.

தம்பியின் தலையிடி அதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல நான் டொக்டர் இல்லை. ஆனால் கயிறு கட்டின பிறகுதான் அது தொடங்கியது என்று அவரே விரலை மடித்துக் கணக்குப் பார்த்துச் சொன்னார். "இண்டைக்கு ஓடவேண்டாம். முதலிலை போய் டொக்டரிட்டைக் காட்டும்" என்றேன். அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் இருப்பதால் டொக்டர் செலவு அவருடைய தலையில் விழாது. இன்னொன்றும் தெரிந்துவைத்திருங்கோ. நல்ல காற்றைச் சுவாசிக்கத் தொடங்கினால் இந்த வாயு நாலு ஐந்து மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்த நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே "மூன்று கிழமையாக டிக்கி திறந்த காரில் ஓடினேன்" என்பதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். காருக்குள் இருக்கும்போதே தலை சுற்றினால் காரை நிற்பாட்டி வெளியே இறங்கிவிட்டு 911 அடிக்கவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே நாலு பாகை வெயில் எறித்தது. தம்பி காரை எங்கள் ட்றைவ்வேயில் கொண்டுவந்து விட்டார். இனி வேலைக்கு வருவோம்.

டிக்கி லொக் பார்க்கப் பெரிய மாயம் போலத் தெரியும். உள்ளே இருப்பது மூன்று நாலு சாமான்தான். மூடியின் அடிவிளிம்பில் நண்டுக்கால் மாதிரி ஒரு கவ்வி. அதற்கு நேர் கீழே, காரின் உடம்பில் தடித்த கம்பியால் செய்த ஒரு வளையம். மூடியை அமத்தும்போது வளையம் கவ்வியின் வாய்க்குள் போய் அதைச் சுழற்றும். கவ்வி திரும்பிப் போகாமல் ஒரு சின்னத் தடுப்பு நாக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். திறப்பைப் போட்டாலோ, சாரதி கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிற கைபிடியை இழுத்தாலோ ஒரு கேபிள் அந்த நாக்கை விலத்தும். உடனே ஒரு ஸ்பிறிங் கவ்வியைத் திரும்பத் திறந்துவிடும். அவ்வளவுதான். சில கார்களில் கவ்வி கீழேயும் வளையம் மேலேயும் இருக்கும். புதுக் கார்களில் கேபிளுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டர் நாக்கை இழுக்கும். கவ்வியும் நாக்கும் வளையமும் மாறவில்லை.

முதலில் ரோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். டிக்கி திறந்திருக்கும்போது கவ்வியும் வாயைத் திறந்துகொண்டு இருக்கவேண்டும். தம்பியின் காரில் கவ்வி முக்கால்வாசி மூடினபடி நின்றது. அதுதான் வியாதி. லொக்கைப் பொறுத்தவரை டிக்கி ஏற்கெனவே பூட்டியாயிற்று. மூடியைக் கீழே அடித்தால் வளையம் கவ்வியின் முதுகில் இடித்துத் திரும்பி எழும்பும். இன்னும் பலமாக அடித்தால் இன்னும் பலமாக எழும்பும். ஏன் கவ்வி திறக்கவில்லை? ஸ்காபரோத் தெருக்களுக்குப் பனிக்காலம் முழுக்க உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் சும்மா தண்ணீரை விட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இரும்பு கெதியாகக் கறள் கட்டும். தொழிற்சாலையில் பூசின கிறீஸ் பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து பசையாகி, அதில் உப்பும் மண்ணும் ஒட்டியிருக்கும். குளிரில் அந்தப் பசை இறுகினால் அந்தச் சின்ன ஸ்பிறிங்குக்கு அதை மீறுகிற பலம் இல்லை.

இரண்டாவது சோதனை ஸ்குறூட்றைவரால். தண்டை வளையம் மாதிரிக் கவ்வியின் வாய்க்குள் வைத்து அமத்தவேண்டும். அநேகமான லொக்குகளில் இரண்டு தரம் 'டிக்' என்று சத்தம் கேட்கும். முதலாவது அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. பிறகு ஒருவர் முன்னால் போய்க் கைபிடியை இழுக்க, கவ்வி துள்ளித் திறக்கவேண்டும். இந்தச் சோதனை பத்துத் தரம் பிழையில்லாமல் நடக்கும் வரை மூடியை மூடவே கூடாது. மூடிப்போய்த் திறக்காவிட்டால் பின் சீற்றைக் கழற்றிக்கொண்டு ஊர்ந்துதான் உள்ளே போகவேண்டிவரும்.

கீழே மட்டையை விரித்துவிட்டு, டபிள்யூ.டி.40 ஐ லொக்குக்குள் அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்தோம். கறுப்புத் தண்ணீராக வந்தது. ஸ்குறூட்றைவரால் பூட்டுவதும் இழுத்துத் திறப்பதுமாக ஒரு இருபது தரம். திரும்ப அடித்து, திரும்பத் துடைத்து. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1953 இல் இந்தத் திரவத்தைச் செய்தவர்கள் நாற்பதாவது முயற்சியில்தான் சரிவந்தது என்பதற்காக அந்த இலக்கத்தை வைத்தார்கள். தண்ணீரை விலத்திக் கறளைத் தடுப்பதுதான் அதன் வேலை. எங்கட ஆக்கள் பலர் அதை அடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது மெல்லிய திரவம், கன நாள் நிற்காது. காய்ந்த பிறகு வெள்ளை லிதியம் கிறீஸ் கொஞ்சம் பூசவேண்டும். குளிரிலும் அது இறுகிப் பசையாகாது.

அடுத்தது வளையம். அதில் கவ்வி உரசின இடம் மினுங்கும். மினுக்கம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால் மூடி சாய்ந்து இறங்குகிறது என்று அர்த்தம். வளையத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு கீறிவிட்டு, நட்டை இளக்கி, ஒரு மில்லிமீற்றர் நகர்த்தி இறுக்கிப் பார்க்கவேண்டும். ஜப்பான் கார்களில் பத்து மில்லிமீற்றர் சாவி பெரும்பாலும் போதும். கோடு கீறாமல் இளக்கினால் பழைய இடத்தைத் தேடி அரை நாள் மினக்கெடவேண்டும். எங்களுக்கு நகர்த்தவேண்டிய தேவை வரவில்லை.

ஸ்பிறிங் முறிந்திருந்தாலோ, கவ்வி தேய்ந்திருந்தாலோ, நாலு தரம் மூடினால் ஒரு தரம் பிடிக்காமல் விட்டாலோ கிறீஸ் பூசிச் சமாளிக்கக் கூடாது. லொக்கை மாற்றத்தான் வேண்டும். பழைய கார்களை உடைத்து விற்கிற இடங்களில் அதே மொடல் காரில் இருந்து நீங்களே கழற்றி எடுத்துவரலாம். இரண்டு மூன்று நட், ஒரு கேபிள் முனை, ஒரு வயர் இணைப்பு. கடைசியாக, டிக்கி மூடினதும் முன்னால் எரிகிற எச்சரிக்கை லைற் அணைகிறதா என்று பார்க்கவேண்டும். அந்தச் சுவிச் அநேகமாக லொக்குக்குள்ளேதான் இருக்கும். அது பிழைத்தால் டிக்கிக்குள் லைற் இரவிரவாக எரிந்து, குளிரில் காலமை பற்றரி செத்துக்கிடக்கும்.

எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம். அதில் அரை மணித்தியாலம் மனிசி கொண்டுவந்த தேத்தண்ணிக்குப் போனது. செலவு இருபத்தைந்து டொலருக்குள். கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மணித்தியாலக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறவர். ஒரு மணித்தியாலம் சுரண்டித் துடைப்பதை விடப் புது லொக்கைப் போட்டுப் பொறுப்பேற்பது அவருக்கு லேசு. ஆனால் அந்த முந்நூற்றெண்பது டொலர் கையில் இல்லாத ஆளுக்கு மிஞ்சுவது கயிறுதான்.

ஊரில் இந்த வேலைகள் எல்லாம் வேலி ஓரத்தில் நடந்தவை. 1990 இல் வந்த பொருளாதாரத் தடைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, புதுச் சாமான் ஒன்றும் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் எல்லாம் கொஞ்சப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் ஒழுங்கையில் இருந்து வெளிக்கிட்ட ஒரே கார் ஒரு ஏ40 தான். டிக்கி மூடுப்படாத அளவுக்குச் சாமான். மேலே பாய், கீழே தையல் மெசின், சுற்றிவரக் கயிறு. நாவற்குழிப் பாலம் வரை இலட்சக்கணக்கான சனத்துக்குள்ளே அது நடை வேகத்தில்தான் ஊர்ந்தது. இதைச் சொன்னபோது தம்பி, "எங்களுக்கு 2009 இலை ட்ராக்ரர் அங்கிள். அதுவும் பாதி வழிதான்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கறளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இப்பவும் ஊரில் அந்தக் கைப்பழக்கம் இருக்கிறது. 2020 பங்குனியில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. இருக்கிறதைத் திருத்தித் திருத்தித்தான் சனம் ஓடியது. இங்கே வந்த எங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனதற்குக் காரணமும் இருக்கிறது. இரண்டு வேலைக்குப் போகிறவருக்கு நேரம் இல்லை. அடுக்குமாடிக் கார்த் தரிப்பிடத்தில் கார் திருத்தப் பெரும்பாலும் விடமாட்டார்கள். புதுக் கார்களில் பாதி வேலை கொம்பியூட்டருக்குள் போய்விட்டது. சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் வருகிறது. கியூபெக் 2023 இல் பொருட்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. 2024 கார்த்திகையில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பழுதுபார்ப்பதற்காக மென்பொருள் பூட்டைத் தாண்டலாம் என்று வந்தது. நல்லது. ஆனால் சட்டம் வந்து தம்பியின் டிக்கியைப் பார்க்காது.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். முப்பது வருடத்துக்கு முதல் வந்த எங்களில் பலருக்கு இப்போது ட்றைவ்வே இருக்கிறது, கராஜுக்குள் ஒரு பெட்டி ஆயுதம் தூசி பிடித்துக் கிடக்கிறது. புதிதாக வருகிறவருக்கு இடமும் இல்லை, ஆயுதமும் இல்லை, பொலிஸ் மறித்தால் கேஸ் பிழைத்துவிடுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது. கோயிலுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் கொடுக்கிற காசோடு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலத்தையும் கொடுக்கலாம்.

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் இன்னொன்றையும் பாருங்கோ. டிக்கிக்குள்ளே இருட்டில் ஒளிர்கிற ஒரு கைபிடி இருக்கும், உள்ளே மாட்டுப்பட்டவர் இழுத்துத் திறக்க. அமெரிக்காவில் ஜனெற் பெனல் என்ற பெண்ணையும் கணவரையும் 1995 இல் கொள்ளையர் அவர்களுடைய காரின் டிக்கிக்குள்ளேயே பூட்டிக் கொண்டுபோனார்கள். தப்பி வந்தவர் விடாமல் போராடினார். 1998 கோடையில் அங்கே மூன்று கிழமைக்குள் பதினொரு பிள்ளைகள் டிக்கிகளுக்குள் அகப்பட்டு இறந்தார்கள். 2001 செப்ரெம்பர் முதல் அங்கே விற்கிற புதுச் செடான் கார்களில் அந்தக் கைபிடி கட்டாயம். லொக்கைத் திருத்தும்போது அந்தக் கைபிடியின் கேபிளுக்கும் கொஞ்சம் கிறீஸ் பூசி, இழுத்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கோ. அதைச் சோதிக்க ஒருவரும் உள்ளே ஏறிப் படுக்கவேண்டாம். ஸ்குறூட்றைவர் போதும்.

தம்பியின் தலையிடி நின்றுவிட்டது என்று போன கிழமையும் சொன்னார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. மார்க்கம் ரோட்டிலோ எக்ளிங்டனிலோ டிக்கியில் கயிறு கட்டின கார் ஒன்று உங்களுக்கு முன்னால் போனால், கோர்ன் அடித்து முந்திப் போகாமல், அடுத்த சிவப்பு லைற்றில் பக்கத்தில் நிற்பாட்டி யன்னலைத் திறக்கச் சொல்லுங்கோ. அந்த ஆள் யன்னலைத் திறந்தாலே முதல் வைத்தியம் முடிந்தது.